ஃபோவ் ஓவியர்கள்

ஃபோவ் ஓவியர்கள் என்போர் ஏறக்குறைய 1904 முதல் 1908 வரை பிரான்சு தேசத்தில் ஆன்ரி மத்தீஸைச் சூழ்ந்து வேலை செய்த ஒரு சிறு கூட்டத்தார். சங்கம் என்றோ கொள்கை அறிக்கை என்றோ இவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை. இயற்கையில் ஒரு பொருளுக்கு என்ன நிறம் உண்டோ அதையே படத்திலும் தீட்ட வேண்டும் என்ற நெடுநாளைய சம்பிரதாயத்தை விடுத்து, படத்தின் அமைப்புக்கும் ஓவியனின் உணர்ச்சிக்கும் எந்த வர்ணம் தகுமோ அதைத் தீட்டலாம் என்று கொண்ட துணிவு ஒன்றே இவர்களைப் பிணைத்தது.

இத்துணிவு ஒரே நாளில் பிறந்ததன்று. பாரிஸ் அரசாங்கக் கலைப் பள்ளியில் 1892 முதல் ஆசிரியராக இருந்த குஸ்தாவ் மொரோ, தாம் புராணக் கதைகளை மிக நுணுக்கமாகத் தீட்டியவரேயாயினும், மாணாக்கரைத் தம் வழிக்கு இழுக்காமல், லூவர் சித்திரசாலைக்குச் சென்று பழைய மேதைகளின் படங்களைப் பிரதி எடுக்குமாறு ஊக்கினார். மத்தீஸ், மார்க்கே, மாங்கேன், காமுவான், ருவோ ஆகிய ஐவரும் அவரிடம் பயின்றவர்களே. மற்றொரு கிளை பாரிஸுக்கு அருகே சேன் நதிக்கரையிலுள்ள ஷாத்தூவில் வளர்ந்தது. அங்கே ஆந்த்ரே தெரேனும், சைக்கிள் பந்தயக்காரராகவும் வயலின் வாசிப்பவராகவும் பிழைத்துவந்த மொரீஸ் விலாமிங்கும் ஒரே கூடத்தில் படம் தீட்டிவந்தனர். 1901இல் பாரிஸில் நடந்த வான் கோ கண்காட்சியில், தெரேன் தம் நண்பரை மத்தீஸுக்கு அறிமுகம் செய்துவைக்க, இரு கிளைகளும் ஒன்றாயின.

1904 கோடையில் மத்தீஸ் சேன் த்ரோபே என்ற கடற்கரை ஊரில் ஓவியர் பால் சின்யாக்கின் அருகில் தங்கி, வர்ணங்களைத் தட்டில் குழைக்காமல் தனித்தனிப் புள்ளிகளாக வைக்கும் முறையைப் பழகினார். மறு கோடையில், ஸ்பெயின் எல்லைக்கு அருகிலுள்ள மீன்பிடித் துறையாகிய கொலியூரில் தெரேனோடு வேலை செய்தபோது, அந்தப் புள்ளிகள் பெருகிப் பட்டைகளாகவும் பரப்புகளாகவும் விரிந்தன. நிழலைக் கறுப்பால் காட்டுவதை இருவரும் கைவிட்டனர். சிவப்பை எடுத்துக்காட்டப் பச்சையையும், ஆரஞ்சை எடுத்துக்காட்ட நீலத்தையும் பக்கத்தில் நிறுத்தி, இடையிடையே துணியின் வெண்மையை அப்படியே விட்டு, வெயிலின் பிரகாசத்தைத் தோற்றுவித்தனர். ஃபோவ் ஓவியம் உண்மையில் பிறந்த இடம் இதுவே.

உலகம் இதனை அறிந்ததோ அதே ஆண்டு அக்டோபரில், பாரிஸ் கிராண்ட் பலேயில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சியில். ஏழாம் அறையில் இவர்களுடைய படங்களுக்கு நடுவே, பழைய இத்தாலியப் பாணியில் அமைந்த ஒரு சிற்பம் வைக்கப்பட்டிருந்ததைக் கண்ட விமரிசகர் லூயி வோக்செல், காட்டு விலங்குகளிடையே பழைய இத்தாலியச் சிற்பி தொனதெல்லோ சிக்கிக்கொண்டதாகப் பரிகாசம் செய்து எழுத, காட்டு விலங்கைக் குறிக்கும் 'ஃபோவ்' என்ற பிரெஞ்சுச் சொல்லே இவர்களுக்குப் பெயராயிற்று. மத்தீஸின் திறமையை வோக்செல் மதித்தவரே. ஆயினும் பொதுமக்கள் சினந்தும் சிரித்தும் ஆரவாரித்தனர். 'தொப்பியணிந்த மாது' என்னும் படத்தில் மத்தீஸ் தம் மனைவியின் முகத்தைப் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகத் தீட்டியிருந்ததே பெருங்குற்றமாயிற்று. அதனை அமெரிக்கரான ஸ்டைன் குடும்பத்தார் 500 பிராங்குக்கு வாங்கினர். இங்கு ஒன்று கூறவேண்டும்: காட்டு விலங்கென்று ஏசப்பட்டவர் முப்பத்தைந்து வயதான குடும்பஸ்தர், லூவரில் ஆண்டுக்கணக்கில் பிரதி எடுத்தவர், வறுமையிலும் ஓவியர் செசானின் படமொன்றை 1899இல் வாங்கிப் போற்றி வைத்திருந்தவர். அவருடைய வர்ணங்களின் உக்கிரம் கட்டுப்பாட்டின் விளைவேயன்றி வெறியின் விளைவன்று.

ஆவ்ர் துறைமுகத்தில் வளர்ந்த ஃபிரீஸ், டூஃபி, பிராக் ஆகிய மூவரும் 1906இல் இவ்வழியைக் கைக்கொண்டனர். ஓவிய வணிகர் வொல்லாரின் தூண்டுதலால் லண்டன் சென்ற தெரேன், முன்பு ஓவியர் மோனே மூடுபனியாகத் தீட்டிய தேம்ஸ் நதியைச் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டினார். இக்கூட்டத்தின் படைப்புகளுள் மிக உற்சாகமானவை அவை என்பது என் அபிப்பிராயம்.

வீழ்ச்சியும் விரைவில் வந்தது. 1907இல் நடந்த செசான் நினைவுக் கண்காட்சி, வர்ணத்தைக் காட்டிலும் உருவத்தின் கட்டுக்கோப்பே முக்கியம் என்ற எண்ணத்தை இளைஞரிடம் விதைத்தது. பிராக் 1908இல் தீட்டிய லெஸ்டாக் என்ற ஊரின் காட்சிகளை இலையுதிர்காலக் கண்காட்சியின் நடுவர் குழு ஏற்கவில்லை. அக்குழுவில் மத்தீஸும் இருந்தார் என்பது விந்தை. அப்படங்களைப் பின்னர்த் தனிக் கண்காட்சியில் கண்டு, கனசதுரங்கள் என்று எழுதியவரும் அதே வோக்செல்தான்; க்யூபிசம் என்னும் புதிய ஓவிய இயக்கம் இவ்வாறு பெயர் பெற்றது. தெரேன் பழைய மரபுக்குத் திரும்பினார். விலாமிங்கின் வர்ணங்கள் நாளடைவில் இருண்டன. மத்தீஸ் ஒருவரே வர்ணத்தை ஆதாரமாகக் கொண்ட ஆராய்ச்சியை விடாது நடத்தி, நோயுற்ற முதுமையிலும் வர்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரித்து ஒட்டிப் படங்கள் சமைத்து, 1954 நவம்பரில் நீஸ் நகரில் காலமானார்.