உம்மு அலீயும் ஷஜருத் துர்ரும்

கெய்ரோ நகரின் உணவு விடுதிகளில் இரவு உணவு முடிந்தபின், சூடு ஆறாத மண் சட்டி ஒன்றைக் கொணர்ந்து வைப்பர். மேலே பொன்னிறமாய்ச் சிவந்த பாலேடு. அதனைக் கரண்டியால் விலக்கினால், பாலில் ஊறிக் குழைந்த ரொட்டித் துண்டுகள். இடையிடையே பாதாம், பிஸ்தா, உலர்ந்த திராட்சை. இதற்கு 'உம்மு அலீ' என்பது பெயர்; அலீயின் தாய் என்பது பொருள். ஆங்கிலேயர் ரொட்டிப் புட்டிங் என்றழைக்கும் இனத்தைச் சேர்ந்ததே இதுவும். அரபு நாடுகளில் பணியாற்றித் திரும்பும் நம் பிள்ளைகள் இச்சுவையை அறிந்து வந்து, வீட்டிலும் செய்து தரும்படி தாய்மாரைக் கேட்கின்றனர்.

பண்டத்தின்மீது நமக்கு வழக்கில்லை. அதனோடு சேர்த்துப் பரிமாறப்படும் கதையே நெஞ்சை உறுத்துகின்றது.

கதை இது: எகிப்தின் சுல்தான் இஸ்ஸுத்தீன் ஐபக்கிற்கு மனைவியர் இருவர். இளையவள் ஷஜருத் துர் கணவனைக் கொல்வித்தாள். மூத்தவளான உம்மு அலீ தன் பணிப்பெண்களை ஏவி, குளியலறை மரச்செருப்புகளால் அவளை அடித்தே கொல்லச் செய்தாள். அந்த மகிழ்ச்சியில் ரொட்டி, பால், சர்க்கரை, பருப்பு வகைகள் சேர்த்து இனிப்புச் சமைத்து ஊருக்கெல்லாம் வழங்கினாள். அவ்வினிப்பே உம்மு அலீ!

இதைக் கேட்போர் சிரித்துக்கொண்டே சட்டியைக் காலி செய்கின்றனர். அடிபட்டு இறந்தவள் யார் என்று கேட்பார் இல்லை.

ஷஜருத் துர் என்றால் முத்து மரம். அடிமைப் பெண்ணாக வந்து, அய்யூபி சுல்தான் ஸாலிஹ் நஜ்முத்தீனின் துணைவியானவர் அவர். 1249 ஜூனில் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் லூயி பெரும்படையுடன் வந்து தம்யாத்தா துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டான். அவ்வாண்டு நவம்பரில், பகைவன் எதிரே நிற்கையில், மன்ஸூராப் பாசறையில் சுல்தான் வஃபாத்தானார். செய்தி வெளிப்பட்டிருப்பின் படை அன்றே சிதறியிருக்கும். ஷஜருத் துர் தளபதி ஃபக்ருத்தீனுடன் கலந்து, மரணத்தை மறைத்தார். சுல்தான் பெயரால் ஆணைகள் வெளிவந்தன. நாள்தோறும் அவருக்குரிய உணவு வழமைபோல் கூடாரத்தினுள் சென்றது. இறந்தவருக்காகச் சென்ற அந்த உணவுத் தட்டு எகிப்தைக் காத்தது என்றால் மிகையாகாது. 1250 ஏப்ரலில் லூயி சிறைப்பட்டான். மே மாதத்தில் தம்யாத்தா மீண்டது.

சுல்தானின் மகன் தூரான்ஷா கொல்லப்பட்டபின், அம்மாதமே ஷஜருத் துர் அரசியாக ஏற்கப்பட்டார். ஜும்ஆ குத்பாவில் அவர் பெயர் ஓதப்பட்டது, நாணயமும் பொறிக்கப்பட்டது. சிறுவயதில் இறந்த தம் மகனை நினைவூட்டி, 'கலீலின் தாய்' என்றே தம்மை அழைத்துக்கொண்டார். பெண்ணின் ஆட்சியை பக்தாது கலீஃபா முஸ்தஃஸிம் ஏற்கவில்லை. உங்களிடம் ஆண்கள் இல்லையெனில் அனுப்பி வைக்கிறோம் என்று அவர் எழுதியதாக வரலாறுகள் கூறும். அடுத்த எட்டாம் ஆண்டில், 1258இல், அதே கலீஃபாவின் பக்தாதைக் காக்க அங்கிருந்த ஆண்களால் இயலாமற் போனது வேறு செய்தி. ஏறத்தாழ எண்பது நாள் ஆண்டபின் ஷஜருத் துர் ஐபக்கை மணந்து, அரியணையை அவரிடம் ஒப்படைத்தார்.

அதன்பின் நிகழ்ந்தவை துயரமானவை. மோசுல் அதிபரின் மகளை மணக்க ஐபக் முற்பட்டார். 1257 ஏப்ரலில் குளியலறையில் அவர் கொல்லப்பட்டார். ஏவியவர் ஷஜருத் துர்ரே. இக்கொலையை நியாயப்படுத்த யாம் முன்வரோம். சில நாட்களில் அவரும் கொல்லப்பட்டு, உடல் கோட்டைக்கு வெளியே எறியப்பட்டது. ஐபக்கின் மகன் அலீ, பதினைந்து வயதளவில் சுல்தானாக்கப்பட்டான். அவன் தாயிடம் ஷஜருத் துர் ஒப்படைக்கப்பட்டதும், மரச்செருப்பு அடியும் வரலாற்று நூல்களில் காணப்படுவனவே. இனிப்பு வழங்கிய செய்தியோ வாய்மொழிக் கதையாகவே உலவுகின்றது.

இன்னொரு கதையும் உண்டு. 1863 முதல் 1879 வரை ஆண்ட கெதிவ் இஸ்மாயீலின் இல்லத்தில் ஓமாலி என்னும் அயர்லாந்து மாது இதைச் சமைத்தாளாம். ஓமாலி என்பதே உம்மு அலீ ஆயிற்றாம். ஒரு பண்டத்திற்கு இரு தாய்மார்! ஒருத்தி பதின்மூன்றாம் நூற்றாண்டு, மற்றவள் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஓசை ஒப்புமையைக் கொண்டு புனைந்தது இக்கதை என்பது எம் கருத்து.

அரபு மொழி பயின்றோர்க்கு இதில் மருட்சி வேண்டியதில்லை. மனிதருக்கு மட்டுமன்றிப் பொருள்களுக்கும் குன்யத் பெயர் இடுவது அரபியர் வழக்கு. ரொட்டிக்கே 'அபூ ஜாபிர்' என்றொரு பெயர் அகராதிகளில் உண்டு. ஜாபிர் என்ற பிள்ளை எங்கே என்று எவரும் தேடுவதில்லை. உம்மு அலீ என்பதோ அரபு நாட்டில் தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர். அதனைக் கேட்டவுடன் ஓர் அரசியின் பிணத்தருகே அடுப்பு மூட்ட வேண்டிய தேவை என்ன?

ரொட்டியை ஊறவைத்து இனிப்பாக்கும் கலை ஐபக்கிற்கு முந்தியது. பக்தாதில் அதற்கு 'ஜூதாபா' என்பது பெயர். பாலில் நனைத்த ரொட்டியைச் சர்க்கரை, பருப்புகளுடன் தட்டில் பரப்பித் தன்னூர் அடுப்பின் அடியில் வைப்பர். மேலே கோழியைத் தொங்கவிடுவர். வேகும் கோழியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாக அவ்வினிப்பில் இறங்கும். இறைச்சிக் கொழுப்பும் இனிப்புமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிரியாணியோடு ரொட்டி ஹல்வாவை இலையில் வைத்து உண்ணும் ஆம்பூர், வாணியம்பாடிக் கல்யாண வீட்டார் சுளிக்கமாட்டார்கள்.

மத்ரஸாக்களில் ஓதப்படும் பதீஉஸ்ஸமான் ஹமதானீயின் மகாமாத்தில் இந்த ஜூதாபாவைக் காணலாம். அவர் 1008இல் மறைந்தவர். கதைநாயகன் ஈஸா இப்னு ஹிஷாம் நாட்டுப்புறத்தான் ஒருவனை உறவு கொண்டாடி இறைச்சி சுடும் கடைக்கு அழைத்துச் சென்று, வயிறார உண்டபின் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி நழுவிவிடுகிறான். காசு கொடுக்க வேண்டியவன் நாட்டுப்புறத்தான். அக்கடையில் சாறு வடிய இருந்தவை ஜூதாபாத் தட்டுகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது கடைப்பண்டமாயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்-பக்தாதீ 1226இல் எழுதிய சமையல் நூலிலும் இதன் வகைகள் உள்ளன. அந்நூலை 1934இல் மோசுலில் தாவூத் சலபி பதிப்பித்தார். ஆர்பெரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939இல் ஹைதராபாத்தின் 'இஸ்லாமிக் கல்ச்சர்' ஏட்டில் வந்தது. 'டபுள் கா மீட்டா' என ரொட்டியை நெய்யில் பொரித்துப் பாகிலும் பாலிலும் ஊறவைக்கும் ஊர் அது. பொருத்தமான இடத்திற்கே நூல் வந்து சேர்ந்தது!

எகிப்தியர் வீடுகளில் மீந்து உலர்ந்த ரொட்டியோ, 'ருகாக்' என்னும் மெல்லிய ரொட்டித் தகடோ போதும். நொறுக்கிச் சட்டியிலிட்டு, பருப்பு தூவி, சர்க்கரை கரைத்த கொதிபாலை மூழ்குமளவு ஊற்றி, மேலே ஏடு பரப்பி, சிவக்கும்வரை அடுப்பில் வைப்பர். அடுப்புப் பெட்டி இல்லாதோர் மூடியின்மேல் கங்கு பரப்பலாம். பால் குறைந்தால் அடி உலர்ந்துவிடும். தாராளமாக ஊற்ற வேண்டும்.

கெய்ரோ செல்வோர் உம்மு அலீயை உண்ணுமுன், ஸையிதா நஃபீஸா பள்ளியை அடுத்துள்ள ஷஜருத் துர்ரின் அடக்கத்தலத்தையும் கண்டு வரலாம். உயிருடன் இருக்கையில் அவரே கட்டிவைத்தது. அதன் மிஹ்ராபில் பொன் பின்னணியில் ஒரு மரம் பதிக்கப்பட்டுள்ளது. அதன் கனிகள் முத்துச்சிப்பியால் ஆனவை.