பெயர்மாற்றமும் ஏற்பும்: சோவியத் நாட்டில் ஓர் அமெரிக்க மாயக்கதை

1920களில் சோவியத் கல்வியாளர் பலர், மாயக்கதைகள் குழந்தைகளின் உலகியலறிவைக் குலைப்பன எனக் கருதினர். சுக்கோவ்ஸ்கியின் 'முதலை' என்னும் கதைப்பாட்டை 1928 பிப்ரவரியில் 'பிராவ்தா' இதழில் குரூப்ஸ்கயா கடிந்தெழுதினார். அடுத்த மாதமே கார்க்கி அதனை மறுத்தார். உள்நாட்டுக் கதைக்கே இந்நிலை எனின், முதலாளித்துவ நாட்டுக் கதையின் நிலை சொல்லாமலே விளங்கும். எனினும் 1930களில் இவ்வெதிர்ப்பு தணிந்தது. மாஸ்கோவில் கணிதம் கற்பித்துவந்த அலெக்சாந்தர் வோல்கவ், அமெரிக்கரான பாம் 1900இல் வெளியிட்ட 'ஆஸ்' நாட்டுக் கதையைத் தழுவி, 1939இல் 'மரகத நகரத்து மாயாவி' என்னும் நூலை வெளியிட்டார்.

இத்தழுவலின் நுட்பம் பெயர்களில் உள்ளது. டோரத்தி எல்லி ஆனாள். 'ஆஸ்' மறைந்து 'மாயநாடு' வந்தது. 'மன்ச்கின்' என்பது ஆங்கிலச் சிறாருக்கு ஏறத்தாழ இடுகுறியே. அதனுள் மெல்லுதலைக் குறிக்கும் வினையைக் கண்ட வோல்கவ், மெல்லுவோர் எனப் பொருள்படும் 'ஜெவுனி' என்னும் உருசியச் சொல்லை அமைத்தார். அத்துடன் நில்லாது, அம்மக்களின் தாடை ஓயாது அசைவதாகக் கதையிலும் எழுதினார். இடுகுறி காரணப்பெயராயிற்று; பெயருக்கேற்பக் கதை மாறியது. கான்சஸ் மட்டும் கான்சஸாகவே நின்றது. வறிய அமெரிக்க உழவர் குடியைக் காட்டுவதில் அரசியல் இடர் இல்லை போலும்.

அயன்மையோடு மூல ஆசிரியரின் பெயரும் மங்கியது. 1973 வரை சோவியத் நாடு உலகப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேராமையால் சட்டத்தடையும் எழவில்லை. 1959இல் விளாதிமிர்ஸ்கியின் ஓவியங்களுடன் வந்த திருத்தப் பதிப்பு பெரும்புகழ் பெற்றது. 1963 முதல் தொடர்ச்சி நூல்களும் வந்தன. அவற்றைப் படித்து வளர்ந்தோர் பலர் பாமின் பெயரைப் பின்னரே அறிந்தனர்.