கருமுட்டை தந்தவள்: தாய்மை பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழில் தாய்க்குப் பெயர்கள் பல. பெற்றவள் நற்றாய். வளர்த்தவள் செவிலித்தாய். சங்க அகப்பாடல்களில் காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிப் பாலை வழியில் புறப்படுகிறவள் செவிலிதான்; நற்றாய் வீட்டில் இருந்து புலம்புவாள். அம்மாவின் அக்காளைப் பெரியம்மா என்கிறோம், தங்கையைச் சின்னம்மா என்கிறோம். இப்படி ஒரு குழந்தைக்கு நாலு தாய் இருப்பதில் நம் மொழிக்குச் சங்கடம் ஒன்றும் இருந்ததில்லை.

ஆனால் தன் கருமுட்டையை மட்டும் கொடுத்துவிட்டு, பிறக்கும் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகிறாளே ஒரு பெண், அவளுக்கு நம்மிடம் உறவுப்பெயர் கிடையாது. கொடையாளர் என்று அரசாங்கத் தாள்களில் எழுதுகிறார்கள். இரத்தம் கொடுத்தவருக்கும் அதே பெயர்தான். அந்தப் பெண் வரலாற்றில் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். சிஞ்ச்வட்டில் கடை வைத்திருக்கும் வியாபாரி. மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு கல்லாவில் உட்கார்ந்து படித்தவைதான் என் படிப்பு. மேலும் நாங்கள் தமிழ்ச் சமணர்கள். முட்டை என்ற சொல்லே எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழையாது. ஆனாலும் நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளையில்லாத சிலர் இது பற்றித் தயங்கித் தயங்கிப் பேசக் கேட்டிருக்கிறேன். “வேற ஒருத்தி முட்டைன்னா அது நம்ம பிள்ளை ஆகுமா?” என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

தேவாநந்தையின் கதை

பர்யூஷண நாட்களில் இங்குள்ள குஜராத்தி, மார்வாடிச் சமண அன்பர்கள் கல்பசூத்திரம் படிப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கலாம். அதில் ஒரு கதை வருகிறது. மகாவீரர் முதலில் தேவாநந்தை என்னும் பிராமணப் பெண்ணின் வயிற்றில் கருவாக உருவானார். 82 நாட்கள் கழிந்தபின், இந்திரனின் ஆணைப்படி ஹரிணைகமேஷி என்ற தேவன் அந்தக் கருவை எடுத்துத் திரிசலை என்ற அரசகுலப் பெண்ணின் வயிற்றில் வைத்தான் என்பது கதை. மதுராவில் கங்காலி மேட்டில் கிடைத்த பழைய சிற்பம் ஒன்றில் ஆட்டுத்தலையோடு இந்தத் தேவன் காணப்படுகிறான்; நெமேசன் என்ற பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இது சுவேதாம்பரர் மரபு. தமிழ்ச் சமணர்களாகிய நாங்கள் திகம்பரர், இக்கதையை ஏற்பதில்லை. ஸ்ரீபுராணம் கேட்டு வளர்ந்த எங்களுக்குப் பிரியகாரிணி என்னும் திரிசலை ஒருத்தியே மகாவீரரின் தாய். வைணவர்களுக்கோ தேவகியின் வயிற்றிலிருந்து ரோகிணியின் வயிற்றுக்கு மாறிய பலராமன் கதை பழக்கமானது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

ஆனால் சுவேதாம்பரர்களின் பகவதி சூத்திரத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. பல வருஷங்கள் கழித்து, முதிர்ந்த தேவாநந்தை மகாவீரரைக் காண வருகிறாள். பார்த்ததும் அவள் மார்பில் பால் சுரக்கிறது. சீடர் கௌதமர் காரணம் கேட்க, இவள் என் தாய், நான் இவள் மகன் என்று மகாவீரர் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார். திரிசலையின் இடம் இதனால் குறைந்துவிடவில்லை. தேவாநந்தை மட்டும் மறைக்கப்படாமல் நின்றாள்.

முட்டையும் கருப்பையும் பிரிந்த விதம்

இனி நம் காலத்துக்கு வருவோம். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. 70 நாட்கள் சென்று அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இரண்டாவது குழந்தை பிறந்தது. அவரை அன்று யாரும் நம்பவில்லை. மனம் உடைந்து 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்டில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் குழந்தை பிறந்தது. இவையெல்லாம் தாயின் சொந்த முட்டையில் உருவான குழந்தைகள்.

ஒருத்தியின் முட்டையில் உருவான கருவை இன்னொருத்தி சுமந்து பெற்றது 1983–84இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் நடந்தது. கலிபோர்னியாவில் கையாண்ட முறை விசித்திரமானது. கரு முதலில் ஒரு பெண்ணின் கருப்பையிலேயே உருவானது. சில நாட்களில் அதைக் கழுவி எடுத்து இன்னொரு பெண்ணின் கருப்பையில் வைத்தார்கள். கல்பசூத்திரம் படித்தவர்களுக்கு இது எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது வாடகைத்தாய் முறையில் சுமப்பவளின் முட்டையையே பயன்படுத்தி வந்தார்கள். கணவரின் விந்தைச் செலுத்தினால் போதும். அப்படி 1986 மார்ச்சில் நியூ ஜெர்சியில் பிறந்ததுதான் ‘பேபி எம்’ எனப்பட்ட குழந்தை. பெற்றவள் குழந்தையைத் தர மறுத்தாள். 1988இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் பணம் பேசிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது, பெற்றவளே சட்டப்படி தாய் என்றது. குழந்தை வளர வேண்டிய இடம் தந்தை வீடு என்றும் சொன்னது.

இதற்குப் பிறகு இத்தொழிலில் இருந்தவர்கள் உஷாரானார்கள். முட்டையை ஒருத்தியிடமும் கருப்பையை இன்னொருத்தியிடமும் பெற்றால், சுமந்தவள் “என் இரத்தம்” என்று சொல்ல முடியாது, முட்டை கொடுத்தவள் “நான் பெற்றேன்” என்று சொல்ல முடியாது. 1993இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஜான்சன் எதிர் கால்வெர்ட் வழக்கில், சுமந்தவளா கருமுட்டைக்கு உரியவளா என்ற போட்டி வந்தால் யார் தாயாக விரும்பி இந்த ஏற்பாட்டைத் தொடங்கினாரோ அவரே தாய் என்றது. ஆகவே கருமுட்டைக் கொடை வாடகைத்தாய் முறைக்குள் வந்தது மருத்துவத் தேவையால் மட்டுமல்ல; உரிமையைப் பங்கிட்டு இல்லாமலாக்கும் ஒரு வியாபார சாமர்த்தியமும் அதில் உண்டு. வியாபாரியான எனக்கு அது சட்டென்று புரிந்தது.

இந்தியாவில் நடந்தவை

இந்தியாவில் இவ்வாறு பிரித்த முறையில் முதல் பிரசவம் 1994இல் சென்னையில் நடந்தது. 2004இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் டாக்டர் நயனா படேலின் மருத்துவமனையில் ஒரு பாட்டி தன் மகளுக்காக இரட்டைக் குழந்தைகளைச் சுமந்து பெற்றார். பிறகு வெளிநாட்டார் வரிசையாக வந்தனர்.

2008 ஜூலை 25 அன்று ஜப்பானியத் தம்பதிக்காக மஞ்ஜி என்ற பெண் குழந்தை பிறந்தது. பெயர் வெளியிடப்படாத ஒரு பெண்ணின் முட்டை. குஜராத்திப் பெண்ணின் கருப்பை. குழந்தை பிறக்குமுன்பே தம்பதி பிரிந்துவிட்டனர். மூன்று பெண்கள் சம்பந்தப்பட்டும் அந்தப் பச்சைக் குழந்தைக்குத் தாய் என்று எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை. ஜப்பானிலிருந்து பாட்டி வந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், நவம்பரில்தான் குழந்தை ஊர் போய்ச் சேர்ந்தது.

அதே 2008இல் ஜெர்மானியத் தம்பதிக்குப் பிறந்த இரட்டையருக்கும் இந்த நிலைதான். 2009இல் குஜராத் உயர் நீதிமன்றம், முட்டை தந்தவள் யாரென்றே தெரியாத நிலையில் சுமந்து பெற்ற இந்தியப் பெண்ணே தாய், எனவே குழந்தைகள் இந்தியக் குடிமக்கள் என்றது. கடைசியில் 2010இல் தத்து என்று காட்டித்தான் அவர்களை அழைத்துப் போக முடிந்தது.

முட்டை தந்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது? 2010இல் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருத்தி கருமுட்டை கொடுத்த இரண்டே நாளில் இறந்துபோனாள். 2022இல் நம் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியைப் பொய்யான ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டிப் பலமுறை கருமுட்டை விற்க வைத்தது வெளிவந்தது. கைதானவர்களில் சிறுமியைப் பெற்ற தாயும் ஒருத்தி. நற்றாய் என்ற சொல்லுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

சட்டம் வந்த பிறகு

2021இல் இரண்டு சட்டங்கள் நிறைவேறி 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தன. பணத்துக்காகச் சுமக்கும் முறை தடை செய்யப்பட்டது; மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டுமே கொடுக்கலாம். சுமப்பவள் தன் சொந்த முட்டையைத் தரக் கூடாது. கருமுட்டை தருபவளுக்கு வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 12 மாதக் காப்பீடு வேண்டும். ஹார்மோன் ஊசிகளால் முட்டைகளைப் பெருக்கி எடுப்பதில் வரும் ஆபத்தை நினைத்தால் இந்த வரம்புகள் நியாயமானவை.

2023 மார்ச் 14இல் விதி திடீரென்று மாறியது. வாடகைத்தாய் முறையை நாடும் தம்பதி தங்கள் சொந்த முட்டையையும் விந்தையுமே பயன்படுத்த வேண்டும் என்றார்கள். பிறவியிலேயே கருப்பையும் கருமுட்டையும் இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்? அருண் முத்துவேல் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில், அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் வழிவிட்டது. 2024 பிப்ரவரி 21இல் அரசு விதியைத் திருத்தியது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மருத்துவக் காரணம் உண்டென்று மாவட்ட மருத்துவ வாரியம் சான்று தந்தால் கொடையைப் பெறலாம். மற்றவருடையது சொந்தமாக இருக்க வேண்டும். விதவையோ விவாகரத்து ஆனவரோ தன் முட்டையையே பயன்படுத்த வேண்டும்.

நம் புனேயில் வேறொரு வழியும் திறந்தது. 2017 மே மாதம் டாக்டர் சைலேஷ் புண்டாம்பேகர் குழுவினர் ஒரு தாயின் கருப்பையை அவர் மகளுக்குப் பொருத்தினர். 2018 அக்டோபர் 18 அன்று அந்த மகள் பெண் குழந்தை பெற்றார். எந்தக் கருப்பையில் தான் உருவானாரோ அதிலேயே அவர் மகளும் உருவானாள். முட்டை இருந்து கருப்பை இல்லாதவர்களுக்கு இது பொருந்தும்; முட்டையே இல்லாதவர்களுக்கு இன்னொரு பெண்தான் உதவ வேண்டும்.

பேரேட்டில் ஒரு வரி

கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் என் கண் போனது பதிவேடுகள் பக்கம். வாடகைத்தாய் ஆவணங்களை மருத்துவமனை 25 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கருமுட்டைக் கொடை முதலானவற்றின் பதிவை மருத்துவமனையும் முட்டை வங்கியும் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு தேசியப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆக, அவள் பெயர் எங்கோ ஒரு பேரேட்டில் இருக்கும். ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை பிறந்த குழந்தைக்கு உண்டு என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1 முதல் கொடை தந்தவர்களின் அடையாளத்தை, பிறந்த பிள்ளைகள் 18 வயதில் கேட்டு அறியலாம்.

சட்டம் மாறும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. “நம்ம பிள்ளை ஆகுமா?” என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது: ஆகும், முழு உரிமையோடு ஆகும். கொடுத்தவளுக்கு அதில் பாத்தியதை கிடையாது. வளர்த்தவளைத் தாய் என்று கொண்டாடிய மொழி நம்முடையது. அதுவும் அப்படித்தான் சொல்லும். ஆனால் பயம் போனபிறகும் மறைப்பது ஏன்? வெளி மாநிலத்தில் தனிக் குடித்தனமாக வாழும் நமக்கு, ஊர் வாய்க்குப் பயந்து மறைப்பது சுலபம். பிள்ளை ஒருநாள் ஒரு மருத்துவச் சீட்டில் இருந்தோ யாரோ ஒரு உறவினர் வாயில் இருந்தோ தெரிந்துகொண்டால், அது தாங்க வேண்டிய பாரம் பெரிது.

எனவே இந்த வழியில் போக நினைக்கும் இளைய தம்பதிகளுக்கு இரண்டு சொல்வேன். சட்டப்படி பதிவு பெற்ற இடத்துக்கு மட்டும் போங்கள். முட்டை தருபவளின் வயது, சம்மதம், காப்பீடு மூன்றையும் நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள், தரகர் சொல்லை நம்பி விடாதீர்கள். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில், உன்னைப் பெற இன்னொரு பெண்ணும் உதவினாள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தேவாநந்தையைத் தாய் என்று சொன்னதால் திரிசலை குறைந்துபோகவில்லை. உங்கள் வீட்டுத் திரிசலையும் குறைந்துபோக மாட்டாள்.