நோட்டீஸ் காலம் முடியுமுன் வேலையை விட்டால்

சைனாடவுன் சாப்பாட்டுக் கடையில் 3 ஆண்டு வேலை செய்தவரைப் புதிய இடத்தில் அடுத்த திங்களே சேரச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே போகலாமா? போகலாம், ஆனால் கைக்காசு போகும்.

ஒப்பந்தத்தில் எழுதியுள்ள நோட்டீஸ் காலமே செல்லும். எதுவும் எழுதவில்லை என்றால் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் சொல்வது இது: 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 1 நாள், 2 ஆண்டுக்குக் குறைவென்றால் 1 வாரம், 5 ஆண்டுக்குக் குறைவென்றால் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். கடிதம் கொடுத்த நாளும் ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இதில் சேரும்.

ஆக, நம்மவர் 1 வாரத்தோடு நின்றால், வேலை செய்யாத 1 வாரத்துக்கான சம்பளத்தை முதலாளிக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். சொல்லாமல் போனாய் என்று முழுச் சம்பளத்தையும் பிடித்துவைக்க முடியாது. கணக்கை 7 நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

மீதமுள்ள ஆண்டு விடுப்பை நோட்டீஸில் கழிக்கக் கேட்கலாம். இருதரப்பும் ஒத்துக்கொண்டால் நோட்டீஸே வேண்டாம். ஆனால் அதை எழுத்தில் வாங்குங்கள். முதலாளி வாய்வார்த்தையாகச் சொன்ன "சரி, போ" பிறகு நிற்பதில்லை.

வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதலாளி அந்த அனுமதியை ரத்து செய்துவிடுவார். அடுத்த அனுமதி உறுதியாகுமுன் கடிதம் நீட்டாதீர்கள்.

சம்பளம் வரவில்லையா? வேலையை விட்ட 6 மாதத்துக்குள் டிஏடிஎம் அமைப்பில் சமரசத்துக்கு மனு செய்ய வேண்டும்.