காப்புக் கட்டும் மதுவிலக்கும் (சபரகமுவத் தோட்டங்கள்)

காப்பு என்பது விரதம் ஏற்றவரின் மணிக்கட்டில் கட்டப்படும் மஞ்சள் கயிறு. அதில் ஒரு துண்டு மஞ்சளையோ வேப்பிலையையோ முடிந்திருப்பார்கள். இலங்கையின் சபரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் காமன் கூத்துக்காகவோ மாரியம்மன் திருவிழாவுக்காகவோ காப்புக் கட்டியவர், கயிறு கையில் இருக்கும்வரை சாராயமும் கள்ளும் தொடக்கூடாது. கவிச்சியும் ஆகாது. யாரும் எழுதிவைத்த விதி அல்ல இது. தோட்ட நிருவாகமோ அரசோ விதித்ததும் அல்ல. லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) மக்கள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கட்டுப்பாடு.

இதன் வேர் தமிழ்நாட்டு ஊர்த் திருவிழாக்களில் இருக்கிறது. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் எல்லை தாண்டி இரவு தங்கக்கூடாது, விரதகாரர் தூய்மை காக்க வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். 1820களிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. அதன்பின் தேயிலை பரவியது. சபரகமுவவில் அதனோடு இறப்பரும் சேர்ந்துகொண்டது. 1876இல் இறப்பர் நாற்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைக்கு வந்துசேர, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லை, எஹெலியகொடைச் சரிவுகளில் இறப்பர் மரங்கள் எழுந்தன. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து உயரங்களில் தேயிலை நின்றது. சிங்களக் கிராமங்கள் இந்தத் தோட்டங்களுக்கு வெகு அருகில் இருந்தன. அந்த அண்மைதான் சபரகமுவத் தோட்ட வாழ்வை நுவரெலியாப் பக்கத்து வாழ்விலிருந்து வேறுபடுத்துகிறது. குடியின் கதையிலும் அதற்குப் பங்கு உண்டு.

கிராமத்தில் கித்துல் கள் இறங்கியது. கடைத்தெருவில் தவறணை (மதுக்கடை) இருந்தது. சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது பிரித்தானிய அரசுக்குப் பெரும் வருமானம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டத்தின்கீழ் கள்ளுத் தவறணைகள் திறக்கப்பட்டபோது, அதை எதிர்த்துச் சிங்கள பௌத்தரிடையே மதுவொழிப்பு இயக்கம் வலுத்தது. எஃப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றோர் அதன் முன்னணியில் நின்றார்கள். அந்த இயக்கத்தின் மேடை விகாரையும் கிராமமும்தான். தோட்டத்து லயம் அதன் கண்ணில் படவில்லை என்றே சொல்ல வேண்டும். விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு) நின்று, கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் வந்த சம்பளம் தவறணையில் கரைவதைத் தடுக்க, லயத்துப் பெண்ணுக்குத் துணையாக வந்தது காப்புக் கயிறுதான். அதுவும் ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும்.

இந்த விதி மதுவைப் பாவம் என்று சொல்வதில்லை. தோட்டத்து முனிக்குச் சாராயமும் சுருட்டும் படையல். கவ்வாத்துக்கு (தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவது) முன் கும்பிடும் கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுப்பார்கள். தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கும் பூசை உண்டு. காவல் தெய்வம் குடிக்கலாம். காப்புக் கட்டிய மனிதன் குடிக்கக்கூடாது. இதை முரண் என்று பார்ப்பவர்கள் உண்டு. காப்புக் கட்டியவர் அந்த நாட்களில் வெறும் தோட்டத் தொழிலாளி இல்லை, தெய்வத்துக்கு ஒப்படைக்கப்பட்ட ஆள் என்ற எண்ணத்தை வைத்துப் பார்த்தால் முரண் மறைந்துவிடும். அவர் தவறினால் குற்றம் அவரோடு நிற்காது. மழை பொய்க்கும், அம்மை வரும், தோட்டமே தாங்க வேண்டியிருக்கும் என்று நம்பினார்கள். ஒருவர் கையில் கட்டிய கயிற்றை லயமே கவனித்திருந்தது அதனால்தான்.

எல்லை தாண்டாத விதியும் இங்கே புதுப் பொருள் பெற்றது. வேலையிலிருந்து விடுவிக்கும் பத்துச்சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் அது. தொழிலாளியின் கடனை ஒரு கங்காணியிடமிருந்து (ஆள்சேர்ப்புத் தலைவர்) இன்னொருவருக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. போக்கும் வரவும் பிறர் கையில் இருந்த மக்கள், ‘இத்தனை நாள் எல்லை தாண்டமாட்டேன், குடிக்கமாட்டேன்’ என்று தாமாகச் சொல்லிக் கயிறு கட்டிக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாடு மட்டும் அவர்களுடைய சொந்தச் சொத்து. காப்பின் வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரியது இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

காப்பு கடுமையாகக் காக்கப்படுவது காமன் கூத்தில். மாசி அமாவாசைக்குப் பின் பிறை கண்டு காமன் கம்பம் ஊன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் அம்பு தொடுப்பதும், நெற்றிக்கண்ணில் அவன் எரிவதும், ரதி புலம்பி மாங்கல்யப் பிச்சை கேட்பதும், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர்ப்பதும் கதை. தப்பு முழங்க இரவுதோறும் ஆட்டம் நடக்கும். ரதி வேடமும் ஆண்தான் கட்டுவார். பிள்ளை பிழைத்தால் ரதிக்கோ மதனுக்கோ வேடம் கட்டவைக்கிறேன் என்று தாய் நேர்ந்துகொள்வதும் உண்டு. ரதி மதன் கட்டுபவர்கள் காப்புக் கட்டி, பாய் தலையணை விலக்கி, ஒருபொழுது உண்டு விரதம் இருப்பார்கள். பகலில் பெரட்டுக்கும் போக வேண்டும், இரவில் ஆடவும் வேண்டும். உடம்பு அலுத்துச் சாராயம் தேடும் வேளை இதைவிட வேறு எது? அந்த வேளையில்தான் விதி இறுகி நிற்கிறது.

காமன் எரிப்புப் பௌர்ணமியை ஒட்டி வரும். அது பெரும்பாலும் மெதின் போயா, அதாவது பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை நாள். போயா நாளில் மது விற்கக்கூடாது என்பது நாட்டு விதி, தவறணை பூட்டியிருக்கும். ஒரே நாளில் இரு விதிகள் இப்படிச் சேர்ந்து நிற்கின்றன. போயா விதி விற்பவரைக் கட்டுகிறது. கள்ளச்சாராயமான கசிப்பைக் காய்ச்சுபவருக்குப் போயாவும் தெரியாது, பூட்டும் கிடையாது. காப்போ குடிப்பவர் கையிலேயே கிடக்கிறது. கசிப்புப் பெருகிய தோட்டங்களில் இரண்டில் எது பயன் தந்தது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும்.

தோட்டத் தமிழரைக் குடியுரிமையற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சியை அறுத்தன. ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. கூத்து வாத்தியாரும் ரதி கட்டியவரும் கப்பலேறிய தோட்டங்களில் ஆட்டம் நின்றது. 1977, 1981, 1983 வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். எஞ்சியவர்கள் கூடிக் கம்பம் ஊன்றிய இடங்களில் காப்பும் மீண்டது.

காப்புக்குப் பக்கத்தில் இன்று ஐயப்பன் மாலையும் நிற்கிறது. 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பின், புதிய ஐம்பொன் திருமேனியைப் பி. டி. ராஜன் தமிழ்நாட்டில் ஊர்வலமாகக் கொண்டுசென்றார். அதன்பின் தமிழர்களிடையே அந்த வழிபாடு பெருகியது. அங்கிருந்து அது மலையகத்துக்கும் வந்தது. கார்த்திகையில் குருசாமி கையால் மாலை போட்டால் ஒரு மண்டலம், 41 நாள். மூத்தவர்கள்கூட அந்த இளைஞனை ‘சாமி’ என்றே கூப்பிடுவார்கள். சாமி என்று கூப்பிடப்படுபவன் தவறணைப் பக்கம் திரும்ப முடியுமா? காப்பைவிட மாலை நீண்ட நாள் காக்கிறது. ஆனால் அது தனி ஆளின் விரதம். காப்பில் இருக்கும் தோட்டத்துக் கூட்டுப் பொறுப்பு அதில் குறைவு.

அடையாளம் அணிந்தவர் குடிக்கக்கூடாது என்ற விதி வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1776இல் தோன்றிய ஃபை பீட்டா கப்பாவின் வழியில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் பல பெருகின. அவற்றில், குறிப்பாகப் பெண்கள் சங்கங்களில், சங்க எழுத்துப் பொறித்த சட்டையோடு குடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு பரவலாக உண்டு. சங்கத்தின் பெயர் கெடாமல் காப்பது அதன் நோக்கம். அங்கே சட்டையை மாற்றிவிட்டுக் குடிக்கப் போகலாம். காப்பை இடையில் கழற்ற வழி இல்லை.

விழா முடிந்து மஞ்சள் நீராடிய பிறகுதான் காப்பை அவிழ்ப்பார்கள். அவிழ்த்த கயிற்றைக் குப்பையில் போடுவதில்லை. தோட்டத்து ஓடையில் விடுவார்கள்.