இலைநரம்பில் எழுதிய மீட்சி: கிரெட்டேசியப் பேரழிவுக்குப் பிந்தைய தாவரங்களை அருங்காட்சியகங்கள் கண்டறிந்த வரலாறு

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதே டைனோசர்களின் அழிவுக்குக் காரணம் என்று லூயிஸ் அல்வாரெஸும் அவர் மகன் வால்டரும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் எழுதினர். கடலடியில் படிந்த பாறைகளுக்கு நடுவே கிடந்த மெல்லிய களிமண் அடுக்கும் அதில் மிகுந்திருந்த, விண்கற்களில் அதிகம் காணப்படும் இரிடியம் என்ற உலோகமுமே அவர்களுடைய சான்று. நிலத்தில் நின்ற காடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தக் களிமண் சொல்லவில்லை.

முதல் தடயம் நுண்ணோக்கியில் கிடைத்தது. சார்லஸ் ஓர்த் குழுவினர் 1981இல் நியூ மெக்சிகோவின் ராட்டன் படுகையில், கடலுக்குத் தொடர்பில்லாத சதுப்புநிலப் படிவிலும் அதே இரிடியத்தைக் கண்டனர். அந்த அழிவோடு முடிந்த கிரெட்டேசியக் காலத்துக்கே உரிய சில மகரந்த வகைகள் மறைவதும் அதே மட்டத்தில்தான். அதற்குச் சற்று மேலே பூக்கும் தாவரங்களின் மகரந்தம் அருகிப்போய், பெரணிகளின் வித்துத்துகள்கள் குவிந்துகிடந்தன. ராபர்ட் சூடியும் அவர் குழுவினரும் 1984இல் இதே நிலை அமெரிக்காவின் மேற்கு உட்பகுதியில் பரவலாக இருந்ததைக் காட்டினர். 1883இல் வெடித்த கிரக்கத்தோவா எரிமலைத் தீவில் மூன்றே ஆண்டுகளில் பெரணிகள் பரவியிருந்ததைத் தாவரவியலாளர்கள் ஏற்கெனவே பதிவுசெய்திருந்தனர். வெந்த மண்ணில் முதலில் குடியேறும் செடி எது என்பது ஓரளவு தெரிந்த செய்திதான்.

ஆனால் இலைப் படிவங்களை ஆராய்ந்தவர்கள் உடன்படவில்லை. அவர்களில் முதன்மையானவர் லியோ ஹிக்கி. ஸ்மித்சோனியனில் பணியாற்றிப் பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தின் இயக்குநரானவர். நிலத்தாவரங்களின் சான்று படிப்படியான மாற்றத்தையே காட்டுகிறது, திடீர் அழிவை அல்ல என்று 1981இல் அவர் எழுதினார். அவருடைய தயக்கத்தைப் பிடிவாதம் என்று நான் கருதமாட்டேன். அதுவரை திரட்டப்பட்டிருந்த இலைகள் இரிடியம் கிடந்த எல்லை அடுக்கிலிருந்து எவ்வளவு தொலைவில் கிடைத்தவை என்பது துல்லியமாகத் தெரியாத நிலையில், வேறு முடிவுக்கு வருவது கடினம்.

அந்த முடிவை மாற்றியவர் ஹிக்கியின் மாணவர் கிர்க் ஜான்சன். வடக்கு டகோட்டாவின் வில்லிஸ்டன் படுகையில் அவர் குழி குழியாகத் தோண்டினார். ஒவ்வொரு குழியும் இரிடிய அடுக்குக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அளந்தார். அவர் இலைகளைப் பிரித்தறிந்த முறை ஹிக்கி தந்ததுதான். பழைய ஆய்வாளர்கள் தோற்றத்தை மட்டும் பார்த்துப் புதைபடிவ இலைகளுக்கு அத்தி, பாப்லர் என்று இன்றைய மரங்களின் பெயர்களைச் சூட்டிவந்தனர். நரம்புகளின் அமைப்பையும் விளிம்பையும் கொண்டு இலைகளை வகைப்படுத்தும் ஒழுங்கை ஹிக்கி 1973இல் வகுத்தார். அந்தக் கருவியே அவருடைய கருத்துக்கு எதிரான சான்றைத் திரட்டியது. ஜான்சனின் ஆய்வு 1989இல் வெளியானது. மறு ஆண்டு வந்த கட்டுரையை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே எழுதினர். வாதம் பேரழிவின் பக்கம் நின்றது. இந்த வரலாற்றில் என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான்.

பீட்டர் வில்ஃபும் ஜான்சனும் 2004இல் அந்த வடக்கு டகோட்டா இலைத் தொகுப்பை முழுமையாகக் கணக்கிட்டனர். 161 இடங்கள், 22,000க்கும் மேற்பட்ட மாதிரிகள், 353 இனங்கள். அழிந்த தாவர இனங்கள் அதிகபட்சம் 57 விழுக்காடு. மகரந்தம் காட்டிய குறைந்தபட்சம் 30 விழுக்காடு. எல்லைக்கு மேலே, அடுத்த காலமான பேலியோசீனின் அடுக்குகளில் தாவரவளம் மீளாமல் அப்படியே தேங்கி நின்றது. அழகிய மாதிரிகளை மட்டும் எடுத்துவந்திருந்தால் இந்தக் கணக்குக்கே வழியில்லை.

மீட்சி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. கொலராடோவின் காசில் ராக்கில் நெடுஞ்சாலை ஓரம் கிடைத்த இலைகளை ஜான்சனும் பெத் எல்லிஸும் 2002இல் விவரித்தனர்: அகன்ற இலைகள், மழைநீர் வடியும் கூர்நுனிகள். பேரழிவுக்குப் பின் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளுக்குள் அங்கே ஒரு மழைக்காடு. ஆனால் அந்தச் செழிப்பான இலைகளில் பூச்சி கடித்த தடங்கள் குறைவு. தாவர வகைகள் குறைந்த மொன்டானாவின் மெக்சிகன் ஹாட் என்னும் இடத்திலோ பூச்சித் தடங்கள் பலவகை. இதை 2006இல் வில்ஃப், லபண்டைரா முதலியோர் எடுத்துக்காட்டினர்.

டென்வர் அருங்காட்சியகத்தின் டைலர் லைசன், இயன் மில்லர் குழுவினர் 2019இல் வெளியிட்ட கோரல் பிளஃப்ஸ் ஆய்வு, முதல் பத்து லட்சம் ஆண்டுகளை ஒரே இடத்தில் காட்டியது. பெரணிகள், பிறகு பனைகள், சுமார் 3 லட்சம் ஆண்டுகளில் வால்நட் குடும்ப மரங்கள், 7 லட்சம் ஆண்டுகளில் அவரைக் குடும்பத்துக் காய்கள். நம் துவரைக்கும் புளிக்கும் உறவான அந்தக் காய்கள் தோன்றும் காலத்தில் பாலூட்டிகளின் உடலும் பெருத்திருந்தது. உணவும் உடலும் சேர்ந்து வளர்ந்தன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

வெப்பமண்டலத்தின் கதை வேறு. மோனிகா கார்வால்யோ, கார்லோஸ் ஹராமியோ குழுவினர் கொலம்பியாவில் திரட்டிய மகரந்தமும் இலைகளும், தாவரவளம் 45 விழுக்காடு சரிந்ததையும் மீண்டெழ 60 லட்சம் ஆண்டுகள் ஆனதையும் 2021இல் காட்டின. அழிவுக்கு முன் அங்கே ஊசியிலை மரங்களும் பூக்கும் மரங்களும் இடைவெளிவிட்டு நின்றன. வெயில் தரைவரை இறங்கியது. பின்னால் வந்தது பூக்கும் மரங்கள் நெருங்கி மூடிய இருண்ட காடு. உச்சியில் வெயில் குடித்த இலைக்கும் அடியில் நிழலில் வளர்ந்த இலைக்கும் நரம்புகளின் நெருக்கம் வேறுபடும். குவாதுவாஸ் அடுக்கின் அழிவுக்கு முந்தைய இலைகளில் மங்கலாக இருந்த அந்த வேறுபாடு, செரஹோன் நிலக்கரிச் சுரங்கத்தின் பேலியோசீன் இலைகளில் தெளிவாகத் தெரிந்தது.