பறையும் கித்தாரும் கூடிய வரலாறு

தமிழிசை வரலாறு எழுதப் புகுவோர் சிலப்பதிகாரத்தில் தொடங்கி, தேவாரம் வழியாக வந்து, மூவர் கீர்த்தனைகளில் முடிப்பது நம் மலர்களின் வழக்கம். அக்கட்டுரைகளை ஆண்டுதோறும் படித்து மகிழ்ந்தவன் யான். ஆயினும் இவ்வாண்டு, நம் காலத்திலேயே தோன்றிய ஓர் இசைக்குழுவின் தொடக்க ஆண்டுகளைச் சொல்ல விழைகின்றேன். முறையான இசைப் பயிற்சி எனக்கில்லை. இரயில்வேக் கணக்கெழுதிப் பழகிய கை இது. அன்பர்கள் பொறுத்தருள்க.

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது அக்குழுவின் பெயர். சாதியற்றோர் கூட்டு எனப் பொருள் கொள்ளலாம். பெயர் ஆங்கிலமாயினும் வேர் தமிழ்நாட்டில் உள்ளது. 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த பண்டிதர் அயோத்திதாசர், ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிபேதமற்றோர் எனக் குடிமதிப்பில் பதியவேண்டுமென வாதாடியவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கியவர். அப்பெரியார் ஆண்ட சொல், நூறாண்டுக்குப் பின் ஒரு ராக் குழுவின் பெயராயிற்று.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் 2017-இல் இம்முயற்சியை மேற்கொண்டன. தேர்வு நடத்தி 19 பேரை ஒன்று சேர்த்தனர். கானா பாடுவோர், ராப் பாடுவோர், கித்தாரும் மேனாட்டு டிரம்ஸும் வாசிப்போர், பறையும் சட்டியும் கட்டமோளமும் முழக்குவோர் என அக்கூட்டம் அமைந்தது. பத்தொன்பதின்மருள் பெண் ஒருவரே, அவர் இசைவாணி.

கானா என்பது வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாட்டு. இழவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்போர் இறந்தவரின் வாழ்வை எடுத்துரைத்துப் பாடுவது அதன் பழைய இயல்புகளுள் ஒன்று. மேசையோ தகரமோ எது கிடைப்பினும் அதுவே தாளக்கருவி. அதனைப் பாடுவோர் எழுதிய சுரத்தால் அன்றிக் காதால் கற்றவர். இத்தகையோரை மின்கித்தாரோடு நிறுத்திப் பாடச்செய்வது எளிய செயலன்று. ஆனால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டிலிருந்து கிளைத்ததே ராக் இசை. ராப் பாட்டும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் அம்மக்களிடையே எழுந்ததே. உழைப்போர் துயரில் பிறந்தவை இவை யாவும். ஆகவே அவை ஒன்றையொன்று அடையாளங்கண்டு கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் அரங்கேற்றம். குழுவினர் கோட்டு அணிந்து மேடையேறினர். அண்ணல் அம்பேத்கரின் கோட்டை நினைவிற் கொண்டோர்க்கு அதன் பொருள் விளங்கும். இட ஒதுக்கீடு, வடசென்னை வாழ்வு, அம்பேத்கர் புகழ் ஆகியவை பாட்டுப் பொருள்களாயின. காதலன்றி வேறு பொருள் அறியாத திரைப்பாட்டிற்குப் பழகிய செவிகளுக்கு இது புதிது. அவ்வாண்டே 'மகிழ்ச்சி' என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

இரயில்வேக்காரனுக்கு ஒன்று தோன்றுகிறது. இசைவாணி இராயபுரத்தவர், ராப் பாடிய அறிவு அரக்கோணத்தவர். 1856 ஜூலை முதல் நாள் தென்னாட்டின் முதல் இரயில் இராயபுரத்தினின்று புறப்பட்டு அரக்கோணம் வழியாகவே வாலாஜா ரோடு சென்றது. பின்னர் 1871-இல் இராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் இணைந்தன. நம் முன்னோரிற் பலர் இந்நகர் வந்து சேர்ந்தது அப்பாதை வழியேதான்.

அவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் கிடங்கிற்கு வந்தவர். அவர் மறைந்தபோது பறை முழங்கியது. சிறுவனாகிய யான் அச்சத்தோடும் ஆசையோடும் கேட்டு நின்றேன். பல ஆண்டு கழித்து, யான் அப்போது உறுப்பினனாயிருந்த ஒரு மன்றத்தின் விழாக்கூட்டத்தில் ஓர் இளைஞர், "பரதமும் வீணையும் இருக்கட்டும், பறைக்கும் பத்து மணித்துளி கொடுங்கள், ஐயா" என்றார். "அது சாவுக் கொட்டு, தம்பி" என்று ஒருவர் சொல்ல, அவை சிரித்தது. யானும் சிரித்தேன். தோலைப் பதனிட்டு எங்களை வளர்த்த குடியிற் பிறந்தவன், தோற்கருவிக்கு நாணிச் சிரித்தேன்! அவ்விளைஞர் பின்னர் அக்கூட்டங்களுக்கு வரவேயில்லை.

அதே 2018-இல், ஜூன் மாதம், இரஞ்சித்தின் 'காலா' வெளிவந்தது. கதை தாராவியுடையது, தெருக்களோ பெரும்பாலும் சென்னையருகே அரங்கமாகக் கட்டப்பட்டவை. ஆனால் அதில் ராப் பாடிய 'டோப்படெலிக்ஸ்' குழுவினர் மெய்யான தாராவி இளைஞர்கள்.

2020-இல் இசைவாணியை பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு மகளிர் பட்டியலிற் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில், சபாக்களின் பருவமாகிய மார்கழியிலேயே, 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவை நீலம் அமைப்பு தொடங்கிற்று. பறையும் கானாவும் ஒப்பாரியும் அம்மேடை ஏறின.

அக்குழுவின் பாட்டை எனக்கு முதலில் கேட்பித்தவள் என் மகள். சயானிலிருந்து வரும் மின்வண்டியில், தன் கைப்பேசிக் குழாயொன்றை என் செவியில் வைத்தாள். கித்தாருக்கு அடியில் சட்டி முழங்கிற்று. "தாத்தா வீட்டு மேளம் மாதிரி இருக்கா, அப்பா?" என்று வினவினாள். ஆம் என்றேன். மாட்டுங்கா வரும்வரை அக்குழாயை யான் திருப்பித் தரவில்லை.